அறுபத்து மூன்று புள்ளிகள்

அலுவலகத்தில் சத்தம் போடுகிறவள் என்று எனக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. ஆனால் அன்றைக்குப் போட்ட சத்தம் வேறு மாதிரி. காலை பதினொரு மணி, டீ வருகிற நேரம். என் மேஜைக் கணினியில் எங்கள் பகுதியின் வரைபடம் மெதுவாக விரிந்தது. அதன் மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று புள்ளிகள் பொலபொலவென்று விழுந்தன. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன். டீ கொண்டுவந்தவர் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். எதிர் மேஜைக்காரர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "இன்னா மேடம், சம்பள கமிஷனா?" என்றார்.

சம்பள கமிஷன் இல்லை. அதைவிடப் பெரியது என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

நான் குடிநீர்ப் பிரிவில் எழுத்தர். படித்தது பி.காம். வயது நாற்பத்தெட்டு. தினமும் புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூரில் பேருந்து ஏறி, தெற்கே கரும்பும் நெல்லுமாக இருக்கிற ஊர்களுக்கு நடுவில் உள்ள ஒரு சின்ன அலுவலகத்துக்குப் போகிறேன். எட்டு மேல்நிலைத் தொட்டிகள் எங்கள் பொறுப்பு. தொட்டிக்கு ஒருவராக எட்டு ஆபரேட்டர்கள். காலையில் மோட்டார் போட்டு, வால்வு திறந்து, தெருத்தெருவாகத் தண்ணீர் விடுவது அவர்கள் வேலை. மாதத்துக்கு ஒருமுறை தொட்டியின் வாயிலிருந்து தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். அறிக்கை வரும். "தரம்: நன்று" என்று நான் தட்டச்சு செய்வேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைத் தட்டச்சு செய்து வந்திருக்கிறேன். சாவிப்பலகையில் அந்த எழுத்துகள் மட்டும் தேய்ந்து போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

தொட்டியில் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. அது வீடு வரை போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி. குழாயின் கடைசியில் இருக்கிற தெருக்களுக்கு அழுத்தம் போதாது, தண்ணீர் எட்டாது. அவர்கள் வீட்டுக்கு வீடு போர் போட்டு, அந்த உப்புத் தண்ணீரைத்தான் இறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததால் பிரச்சினையும் இல்லாமல் இருந்தது.

இதெல்லாம் மாறியது ஒரு பயிற்சி வகுப்பால். பாண்டி டவுனில் இரண்டு நாள், மத்தியானம் பிரியாணி. என்னை அனுப்பியதே வேறு யாரும் போக ஒத்துக்கொள்ளாததால்தான். வகுப்பு எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டி ஒரு புள்ளியைத் தொட்டாள். உடனே ஒரு சின்னப் பெட்டி திறந்து அந்த இடத்தின் விவரமெல்லாம் சொன்னது. கீழே இருந்த பட்டையை விரலால் நகர்த்தினாள். மாதங்கள் ஓடின, நிறங்கள் மாறின. எனக்கு அப்போதே கை பரபரத்தது. "இதுக்கு எவ்ளோ ஆவும்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாது மேடம். இது கட்டற்ற மென்பொருள். இலவசம்ங்கிறது கூட முக்கியமில்ல. உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு யார் வேணும்னாலும் தொறந்து பாக்கலாம், மாத்தலாம், மாத்தினதை மத்தவங்களுக்குக் கொடுக்கலாம்" என்றாள்.

இந்த வாக்கியத்தின் அருமை அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்குத்தான் தெரியும். எங்களிடம் ஏற்கெனவே ஒரு மென்பொருள் இருந்தது. யாரோ செய்து கொடுத்தது. அவர்கள் அழுத்தச் சொன்ன இடத்தில் மட்டும் அழுத்தலாம். கூடுதலாக ஒரு கட்டம் வேண்டுமென்றால் மேலிடத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். அவர்கள் அந்த ஆட்களுக்கு எழுதுவார்கள். பதில் வருவதற்குள் இங்கே பொறியாளரே மாறியிருப்பார். இப்போது ஒரு பெண் வந்து, நீயே திறந்து மாற்று என்கிறாள். சொந்த வீட்டுக் கதவுக்கு முதல்முறையாகச் சாவி கொடுத்தது போலிருந்தது.

கற்றுக்கொண்ட கதை சிரிப்புக்கிடமானது. ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் திட்டும். நானும் திருப்பித் திட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மகளின் பழைய மடிக்கணினி முன் உட்கார்ந்திருப்பேன். என் வீட்டுக்காரர், "கல்யாணம் ஆன புதுசுல என்னைக்கூட இப்பிடி உத்துப் பாத்ததில்ல" என்பார். அவர் சொன்னது உண்மைதான். ஒருமுறை மூன்று நாள் ஒரே பிழையோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் இணையத்தில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் கூடுகிற ஒரு பக்கத்தில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேள்வியைப் போட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் பதில் வந்திருக்கிறது. எந்த நாட்டு ஆள், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. பொறுமையாகப் படிப்படியாக எழுதி, கடைசியில் உங்கள் ஊர்த் தண்ணீர் நன்றாக இருக்கட்டும் என்று முடித்திருந்தார். அதைப் படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து அறையில் இருக்கிறவரிடம் ஒரு கோப்பு கேட்டால் நான்கு நாள் ஆகிற இடத்தில் வேலை பார்க்கிறவள் நான்.

எங்கள் பிரிவின் இளநிலைப் பொறியாளர் அபிஷேகப்பாக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. முப்பது வயது. எனக்கு மேலதிகாரி, ஆனால் என்னைக் கண்டால் அவருக்குக் கொஞ்சம் பயம். தொட்டி அறிக்கைகளை வைத்து நான் செய்திருந்த வரைபடத்தைக் காட்டியதும் பயம் போய்விட்டது. பட்டையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துவிட்டு, "மேடம், இத வச்சி தெருத்தெருவா அளந்தா இன்னா?" என்றார். அந்தக் கேள்வி வந்தது சரியான நேரத்தில். அந்த வருஷம் எங்கள் பிரிவுக்கு ஒரே ஒரு ஆர்.ஓ. நிலையம் ஒதுக்கியிருந்தார்கள். உப்பை நீக்கிக் கேனில் நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்ளும் சின்னக் கட்டடம். ஒன்றுதான். அதை எந்த ஊரில் வைப்பது என்று டவுனில் செயற்பொறியாளர் தலைமையில் கூட்டம் நடக்கப்போகிறது. வழக்கமாக யார் சத்தமாகக் கேட்கிறார்களோ அந்த ஊருக்குப் போகும். இந்தத் தடவை புள்ளிகள் முடிவு செய்யட்டும் என்றார் எங்கள் பொறியாளர். செயற்பொறியாளரும் சம்மதித்துவிட்டார்.

எட்டு ஆபரேட்டர்களுக்கும் பேனா போன்ற ஒரு மீட்டர் கொடுத்தோம். தண்ணீரில் முக்கினால் உப்பின் அளவை எண்ணில் காட்டும். ஐநூறுக்குள் இருந்தால் பச்சை, அதைத் தாண்டினால் மஞ்சள், இரண்டாயிரத்தைத் தாண்டினால் சிவப்பு. அவர்கள் போனில் நிரப்ப ஒரு படிவமும் நானே செய்தேன். வீட்டு எண், அளவு, குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வீட்டில் எத்தனை பேர், கடைசியாக இடம். இடம் என்பதை அழுத்தினால் நிற்கிற இடத்தைப் போனே குறித்துக்கொள்ளும். குழாய்க் கோடியில் இருக்கிற ஒவ்வொரு வீடாகப் போய் அளந்து அனுப்பச் சொன்னோம். அப்படி வந்த புள்ளிகள்தான் அன்று காலை திரையில் விழுந்தவை. நான் கத்தியதும் அதற்காகத்தான்.

கத்தி முடித்துவிட்டு உட்கார்ந்து பார்த்தபோது சில புள்ளிகள் தாறுமாறாக இருந்தன. ஒன்று ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் நடுக்கடலில் கிடந்தது. ஒரு ஆபரேட்டர் இடத்தை அழுத்தாமல் சுழியம் போட்டு அனுப்பியிருந்தார்; அட்சரேகையும் தீர்க்கரேகையும் சுழியமானால் புள்ளி அங்கேதான் விழும். ஒரு கொத்து எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் இருந்தது. புதுச்சேரி ஒரே துண்டாக இருக்கிற பிரதேசம் இல்லை. நான் வருகிற பேருந்தே வழியில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து புகுந்துதான் வெளியே வரும். எல்லைக்கு வெளியே விழுந்ததெல்லாம் தப்புப் புள்ளி என்று எடுத்துக்கொண்டு, எல்லைக்குள் இருப்பதை மட்டும் வைத்துக்கொள் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். ஓட்டியதும் கணினி சொன்னது: அறுபத்து மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. படம் துடைத்து வைத்தது போல் ஆகிவிட்டது. "ஒரே வரி சார், அறுபத்து மூணு தப்பும் அவுட்!" என்று பொறியாளரிடம் பெருமையடித்துக்கொண்டேன். எதிர் மேஜைக்காரரிடமும் சொன்னேன். டீக்காரரிடம்கூடச் சொன்னதாக ஞாபகம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை எட்டு ஆபரேட்டர்களையும் வரவழைத்தோம். அவரவர் தெருவை அவரவரே ஒருமுறை சரிபார்த்துவிடட்டும் என்பது பொறியாளரின் யோசனை. எனக்கோ என் வேலையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம். பெரிய திரையில் படத்தைப் போட்டு, மவுஸ் என்கிற கணினி எலியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். அவர்கள் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தான் அளந்த வீட்டைத் தொட்டு, பெட்டி திறந்து, தான் எழுதின எண்ணே வந்து நிற்கிறதைப் பார்த்து ஒருத்தர் கை தட்டினார். இன்னொருத்தர், "தோ பார்றா, என் மச்சான் வூடு! செவப்பு கட்டிக்கினு கீது!" என்று சிரித்தார். இத்தனை வருஷமாக அவர்கள் சொல்லுவதை நாங்கள் எழுதிக்கொள்வோம். எழுதியது எங்கே போகிறது என்று அவர்கள் பார்த்ததே இல்லை.

கடைசியாக வந்தவர் எல்லையோரத் தொட்டியின் ஆபரேட்டர். கரையாம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். எலியைப் பிடித்து மெதுவாக நகர்த்தினார். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். தெரு வந்தது, தெருவில் ஒன்றுமே இல்லை. வெறும் கோடு.

"எங்க தெரு எங்க மேடம்?" என்றார்.

"தெரு கீதேப்பா, அதோ."

"தெரு கீது. வூடுங்க இல்லியே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அத்தனை பேர் பாராட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் ஒரு குறை. "நீ அனுப்பிச்சிருந்தா வந்திருக்கும். எல்லாருக்கும் வந்துக்கீது, உனக்கு மட்டும் இன்னா? அளக்காமயே வுட்டுட்டியா?" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகத்தான் கேட்டது.

அவர் சண்டை போடவில்லை. எலியை மேஜையில் வைத்துவிட்டுக் கைகளைத் தொங்கப்போட்டு நின்றார். "ஒரு வூடு வுடல மேடம். ரெண்டு நாள் சுத்தினேன். அறுவத்திரண்டு வூடு" என்றார். பிறகு கொஞ்சம் சிரித்தாற்போலச் சொன்னார்: "பரவால்ல மேடம். எங்கள யாரும் எதுலயும் சேக்க மாட்டாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம், எதிர்ச்சரகம், தமிழ்நாடு. அவங்க ஊரு ஆர்.ஓ.வுல கேன் புடிக்கப் போனா, நீங்க பாண்டி, எங்க ஆளுங்க புடிச்சிட்டு மீந்தா தரேங்கறான். என் வூட்டுக்காரம்மா மத்தியானம் வெயில்ல போயி மூணு மணி வரைக்கும் நிக்கிது. இங்க வந்தா நீங்க அனுப்பலன்றீங்க."

அவர் சொன்னதில் எனக்கு முதலில் உறைத்தது அந்த எண்தான். அறுபத்திரண்டு. நான் தூக்கி எறிந்தது அறுபத்து மூன்று. ஒன்று ஆப்பிரிக்காக் கடலில் இருந்தது. மீதி?

கணினியில் உட்கார்ந்து, வரைபடத்துக்கு நான் எழுதிய நிரலைத் திறந்தேன். நான் கொண்டாடிய அந்த ஒரு வரியின் தலையில் ஒரு ஹேஷ் குறி போட்டேன். அதைப் போட்டுவிட்டால் அந்த வரி இருந்தும் இல்லாததாகிவிடும். கணினி தாண்டிப் போய்விடும். மறுபடி ஓட்டினேன். பெரிய திரையில் படம் வந்தது. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குள், ஒரே இடத்தில் ஒரு சிவப்புக் கொத்து. அதன் மேல் அழுத்தினால் அது விரிந்து விரிந்து பிரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அறுபத்திரண்டும் அங்கேயே குவிந்திருந்தன.

ஆபரேட்டர் குனிந்து பார்த்தார். "இது டீக்கடை மேடம்!" என்றார். "அங்கதான் டவர் கெடைக்கும்."

விஷயம் அவ்வளவுதான். அவர் தெருவில் சிக்னல் கிடையாது. வீட்டுக்கு வீடு அளந்து, படிவத்தை நிரப்பி, இடம் என்பதை அழுத்தினால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. டவர் இல்லாததால்தான் சுற்றுகிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் போனில் சேமித்துக்கொண்டு, சாலையைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போய், டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இடத்தை அழுத்தி அனுப்பியிருக்கிறார். அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான். யாருக்குப் போன் செய்ய வேண்டுமானாலும், எதை அனுப்ப வேண்டுமானாலும் தமிழ்நாட்டு டீக்கடைக்குத்தான் போவார்கள். இது அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. தெரியாதது தப்பில்லை, கேட்காமலே தப்பு என்று முடிவு கட்டினதுதான் தப்பு.

எட்டுப் பேரும் பொறியாளரும் பார்த்துக்கொண்டிருக்க, "நீ அனுப்பினதெல்லாம் வந்துதாம்பா இருந்துது. நாந்தான் தூக்கிப் போட்டேன். மன்னிச்சுடு" என்றேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் அந்த வார்த்தையைச் சொல்லி அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் அதே நிமிஷம் நெஞ்சு குதிக்கவும் செய்தது. ஏனென்றால் கூட்டம் மறுநாள்தான். பழைய மென்பொருளாக இருந்தால் தப்பைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. கண்டுபிடித்தாலும் கடிதம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இது என் கையில் இருக்கிறது.

ஆனால் டீக்கடையில் குவிந்த புள்ளிகளைக் கூட்டத்தில் காட்ட முடியாது. எந்த வீடு எங்கே என்று தெரியாத எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். படிவத்தைத் திறந்து, இடத்தைக் கடைசியிலிருந்து முதல் கேள்வியாக மாற்றினேன். இணையத்தில் தேடியதில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. இடத்தைக் குறிக்கப் போனுக்கு டவர் வேண்டியதில்லை. வானத்துச் செயற்கைக்கோள் போதும். சிக்னல் இல்லாத இடத்தில் முதல் தடவை மட்டும் இரண்டு மூன்று நிமிஷம் திறந்த வெளியில் பொறுத்திருக்க வேண்டும். பிறகு அடுத்தடுத்து உடனே காட்டும். ஆபரேட்டரிடம் சொன்னேன். "அப்ப அந்த வட்டம் சுத்தும்போது கொஞ்சம் நின்னிருந்தா போதுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"வாப்பா, போலாம்" என்றேன்.

மணி ஒன்று. பொறியாளர் தன் வண்டியைக் கொடுத்தார். ஆபரேட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு டப்பா மேஜையிலேயே கிடந்தது. தெரு முனையில் இறங்கி நடுச் சாலையில் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். வட்டம் சுற்றியது. சுற்றியது. நாய் ஒன்று வந்து எங்களை முகர்ந்துவிட்டுப் போனது. பிறகு டக்கென்று வட்டம் நின்று, நீலப் புள்ளி சரியாகத் தெருவின் மேல் வந்து உட்கார்ந்தது. "புட்ச்சிட்சு மேடம்!" என்று அவர் கத்தினார். சத்தம் போடுகிறவள் என்கிற பட்டத்தை அந்த நிமிஷம் அவரிடமே கொடுத்திருப்பேன்.

அவர் ஒரு போன், நான் ஒரு போன். தெரு நெடுக இடப்பக்கம் புதுச்சேரி, வலப்பக்கம் தமிழ்நாடு. இடப்பக்க வீடுகளில் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டோம். நான் போன முதல் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்கள். மீட்டர் இரண்டாயிரத்து இருநூறு காட்டியது. வாயில் ஒரு மடக்கு ஊற்றிப் பார்த்தேன். இறங்கவில்லை. இத்தனை காலம் "நன்று" என்று தட்டச்சு செய்த விரல்கள் அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தன. அடுத்த வீட்டுக்காரம்மா, "போன வாரந்தான் அவரு அளந்தாரு. மறுபடியும் இன்னாத்துக்கு?" என்றார். "போன வாரம் அளந்தத நான் தொலச்சிட்டேன்கா" என்றேன். அதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்தார்.

ஆபரேட்டரின் வீட்டையும் நானே அளந்தேன். அவர் மனைவி வாசலில் காலிக் கேனை வைத்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வெயில். அன்றைக்கு மீதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஊருக்கெல்லாம் வால்வு திறக்கிறவர் வீட்டு மீட்டரில் இரண்டாயிரத்து நானூறு. எதிர்ச்சரகத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து, "எங்க வூட்டுத் தண்ணியையும் பாருங்க, இதே உப்புதான்" என்று டம்ளரை நீட்டினார். அவர் தமிழ்நாடு. என் படத்தில் அவருக்கு இடமில்லை. இருந்தாலும் அளந்து எழுதிக்கொண்டேன். ஒரு தெருவைத் தூக்கிப் போட்டவளுக்கு இனி எதையும் தூக்கிப் போட மனம் வரவில்லை.

ஆறு மணிக்கு அறுபத்திரண்டும் முடிந்தது. டீக்கடைக்குப் போய் இரண்டு போனிலிருந்தும் அனுப்பினோம். என் போனில் படத்தைத் திறந்தேன். ஒவ்வொரு புள்ளியாக வந்து இறங்கியது, அதனதன் வீட்டு வாசலில். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, நடுவில் நான்கைந்து மஞ்சள். எங்கள் பிரிவிலேயே அவ்வளவு சிவப்பான தெரு வேறெதுவும் இல்லை. ஆபரேட்டர் இரண்டு டீ சொல்லி, எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தன் டீயைக் குடிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கூட்டத்தில் நாங்கள் பயந்த பேச்சே வந்தது. செயற்பொறியாளர் படத்தை எட்ட நின்று பார்த்துவிட்டு, "பார்டர்ல வச்சா பாதித் தண்ணி அந்தப் பக்கம் போயிடும். உள்ளூர்ல எங்கியாவது பாருங்க" என்றார். எங்கள் பொறியாளர் என்னைப் பார்த்தார். வாக்குவாதம் செய்ய எனக்கு வாய் துடித்தது. அடக்கிக்கொண்டு எழுந்து போய் எலியை அவர் கையில் வைத்தேன். "சார், நீங்களே ஒரு வூட்டத் தொட்டுப் பாருங்க" என்றேன்.

தொட்டார். பெட்டி திறந்தது: இரண்டாயிரத்து இருநூறு, ஐந்து பேர், குடிநீர் எல்லை தாண்டிக் கேனில். அடுத்ததைத் தொட்டார். ஏழு பேர், எல்லை தாண்டிக் கேனில். அதற்கடுத்தது. எலியின் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி வரை தொட்டுக்கொண்டே போவார் போலிருந்தது. ஒரு வீட்டில் நின்று, "இதான் ரொம்ப அதிகம். யார் வூடு?" என்றார்.

"நம்ம டேங்க் ஆபரேட்டர் வூடு சார். இந்தக் கணக்க எடுத்தவரே அவர்தான்."

அவர் அந்தப் புள்ளியை இன்னொருமுறை தொட்டார். பிறகு எலியை என் பக்கம் தள்ளிவிட்டு, "இங்கியே வச்சிடுங்க. அந்தப் பக்கம் கொஞ்சம் போனா போவட்டும்" என்றார். நான் அங்கே கத்தவில்லை. படிக்கட்டு இறங்கும்போது கத்தினேன்.

அந்த ஒரு வரியை நான் இன்னும் அழிக்கவில்லை. ஹேஷ் குறியோடு அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: இந்த வரி அறுபத்திரண்டு வீடுகளை இல்லாமல் ஆக்கியது. எழுதியது நான். எடுப்பதற்கு முன் அங்கே போய்க் கேள். இது திறந்த நிரல்; யார் எடுத்துப் பயன்படுத்தினாலும் அதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். என் அவமானமும் கட்டற்றதாகவே ஊர் சுற்றட்டும்.

நிலையம் கட்டி முடித்துத் திறந்த அன்று எனக்கு அலுவலகத்தில் தணிக்கை. போக முடியவில்லை. மனசெல்லாம் அங்கேயே இருந்தது. படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தணிக்கைக்காரர் கேட்கிற கோப்புக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிவாக்கில் அந்தச் சிவப்புத் தெருவில் ஒரு புள்ளி மட்டும் நிறம் மாறியது. தொட்டுப் பார்த்தேன். குடிநீர் எங்கிருந்து: எங்க ஆர்.ஓ. அளவு: தொண்ணூறு.

உடனே போன் அடித்தது. பின்னால் டம்ளர் கழுவுகிற சத்தம்.

"மேடம், டீக்கடைலேந்து பேசறேன். இப்பதான் அனுப்பிச்சேன். வந்துடுச்சா?"

"வந்துடுச்சிப்பா."

"எங்க காட்டுது?"

தணிக்கைக்காரர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டிருந்தேன்.

"உன் வூட்டு வாசல்ல காட்டுதுப்பா" என்றேன். "பச்சையா."